மாநிலத்தின் ஃபுளூ எண்ணிக்கையில் வட சென்னை எங்கே இருக்கிறது?

வியாசை ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வட சென்னையின் வியாசர்பாடியில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் பதினேழு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில், என் ஏழாம் வகுப்பில் 41 பிள்ளைகளில் 13 பேர் வரவில்லை. மாலையில் தெருத் தெருவாகப் போய் விசாரித்தபோது எல்லா வீட்டிலும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்: திடீரென ஏறிய காய்ச்சல், தொண்டை வலி, வறட்டு இருமல், அடித்துப் போட்டாற்போல் உடல் வலி. பிள்ளைக்கு வந்து, பிறகு அம்மாவுக்கு வந்து, கடைசியில் பாட்டிக்கு வந்திருக்கிறது. ஒரு பாட்டி மூச்சுத் திணறலோடு ஸ்டான்லி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்.

அதே வாரத்தில் நாளிதழில் தமிழ்நாடு முழுமைக்குமாக ஒரே ஓர் எண் வந்தது. இத்தனை பேருக்கு இன்ஃபுளூயன்சா உறுதி செய்யப்பட்டுள்ளது, மக்கள் அச்சப்படத் தேவையில்லை என்று இருந்தது. நான் விசாரித்த 13 பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட மூக்கிலோ தொண்டையிலோ மாதிரி எடுக்கப்படவில்லை. ஆகவே அந்த எண்ணுக்குள் அவர்கள் இல்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். அந்த எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள், அது எப்படித் திரட்டப்படுகிறது, எங்கள் பகுதியில் காய்ச்சல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அதிலிருந்து அறிய வழியுண்டா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நுண்ணுயிர்க்கூடம்

ஆசிரியை அம்மா, நான் அரசு ஆய்வகம் ஒன்றில் நெடுங்காலம் தொழில்நுட்பப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.

நாட்டில் 2004 முதல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. அதில் மூன்று படிவங்கள் உண்டு. களத்தில் இருக்கும் சுகாதாரச் செவிலியர் அறிகுறியை மட்டும் வைத்து நிரப்புவது எஸ் படிவம். மருத்துவர் பரிசோதித்து இன்ன நோயாக இருக்கலாம் என்று கருதி நிரப்புவது பி படிவம். ஆய்வகம் உறுதி செய்து நிரப்புவது எல் படிவம். முன்பு வாரம் ஒருமுறை தாளில் போனவை, 2021 முதல் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில் நேரடியாகப் பதிவாகின்றன. தமிழ்நாட்டில் இவற்றைப் பார்ப்பது பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை. மாதிரிகள் கிண்டி கிங் நிறுவனம் போன்ற ஆய்வகங்களுக்குப் போகின்றன. அந்த நிறுவனம் 1899 முதல் இயங்கி வருகிறது.

நாளிதழில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் எல் படிவத்தின் எண். அதில் உங்கள் பிள்ளைகள் விடுபட்டது ஒருவருடைய கவனக்குறைவால் அல்ல, விதியே அப்படித்தான் இருக்கிறது. 2009இல் பன்றிக் காய்ச்சல் என்ற புதிய வகை ஃபுளூ வந்தபோது மத்திய அரசு நோயாளிகளை ஏ, பி, சி என மூன்று வகையாகப் பிரித்தது. லேசான காய்ச்சலும் இருமலும் உள்ள ஏ வகைக்கும், சற்றுக் கடுமையான காய்ச்சல் அல்லது கர்ப்பம், முதுமை, நீரிழிவு போன்ற கூடுதல் ஆபத்து உள்ள பி வகைக்கும் பரிசோதனை தேவையில்லை. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் போன்றவற்றோடு மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய சி வகைக்கு மட்டுமே பரிசோதனை. ஆய்வகங்களின் சுமையை நினைத்தால் அந்த முடிவில் நியாயம் இருக்கிறது. அதன் விளைவாக, மாநிலத்தின் எண் நோயின் பரவலைக் காட்டாமல் நோயின் கடுமையை மட்டுமே ஓரளவு காட்டுகிறது. ஸ்டான்லியில் சேர்ந்த அந்தப் பாட்டி எண்ணப்பட்டிருக்கக்கூடும். அவருக்குக் காய்ச்சலைக் கொடுத்த பேரன் எண்ணப்படவே மாட்டான்.

காசிமேடு கிளினிக்

ஐயா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். பி படிவத்தில்கூட எங்கள் பகுதி சரியாக வருவதில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே ஒற்றை அறையில் கிளினிக் நடத்துகிறேன். வலை பின்னுபவர்கள், ஐஸ் உடைப்பவர்கள், மீன் கூடை சுமக்கும் பெண்கள், பக்கத்துக் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்பவர்கள் எல்லோரும் இரவு ஏழு மணிக்கு மேல்தான் வருவார்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பகலில் போனால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே காய்ச்சலின் முதல் மூன்று நாட்களில் அவர்கள் அமர்வது என்னைப் போன்றவர்களின் பெஞ்சில்தான். நான்காம் நாளில் மூச்சு வாங்கினால் ஸ்டான்லிக்கோ தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்கோ போவார்கள். இன்ஃபுளூயன்சா கிருமி மூக்கிலும் தொண்டையிலும் மிகுதியாக இருப்பது அந்த முதல் மூன்று நான்கு நாட்கள்தான். அந்த நாட்களில் நோயாளி கண்காணிப்பு வலைக்கு வெளியே இருக்கிறார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, வாரந்தோறும் காய்ச்சல் எண்ணிக்கையைத் தருகிறேன் என்று நானாகவே ஓர் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டார்கள். அதன் பிறகு அழைப்பு வரவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனாலும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதை நிறுத்தவில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையோடு டெங்குவும் எலிக்காய்ச்சலும் சேர்ந்தே வருகின்றன. எல்லோருக்கும் டெங்கு பயம் இருப்பதால் முதலில் டெங்குப் பரிசோதனைதான் கேட்கிறார்கள். அது இல்லை என்று வந்ததும் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். தனியார் ஆய்வகத்தில் ஃபுளூ பரிசோதனைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். இங்கே யாரால் முடியும்? பத்திரிகைகள் அதை 'மர்மக் காய்ச்சல்' என்று எழுதிவிடுகின்றன. பெரும்பாலான சமயம் அதில் மர்மம் ஏதும் இருப்பதில்லை. யாரும் பரிசோதித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

மணலி புதுநகர்

டாக்டரிடம் ஒரு சந்தேகம். எங்கள் பகுதியில் ஆலைப் புகையால் ஆண்டு முழுவதும் இருமல் இருக்கிறது. என் மனைவிக்கு மார்ச்சிலும் இருமல், ஆகஸ்டிலும் இருமல். இருமலை வைத்துக் கண்காணித்தால் மணலியிலும் எண்ணூரிலும் எப்போதுமே ஃபுளூ இருப்பது போலத் தோன்றாதா?

தொற்றியல் மாணவி

நல்ல கேள்வி அண்ணா. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் இருமல் மட்டும் போதாது. 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் அளந்து பார்த்த காய்ச்சலும் இருமலும் சேர்ந்திருக்க வேண்டும், இரண்டும் கடந்த பத்து நாட்களுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். இதை இன்ஃபுளூயன்சா போன்ற நோய் என்கிறோம். இதே அறிகுறிகளோடு மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வந்தால் அது கடும் சுவாசத் தொற்று. புகையால் வரும் இருமல் காய்ச்சல் இல்லாததால் வெளியே நின்றுவிடும். முழுமையாக நின்றுவிடாது என்பதும் உண்மை; புகையால் ஏற்கெனவே நுரையீரல் நொந்தவருக்கு ஃபுளூ வந்தால் மருத்துவமனைக்குப் போகும் வாய்ப்பு கூடுதல். ஆகவே மணலியின் கடும் சுவாசத் தொற்று எண்ணை அடையாறின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. மணலியை மணலியின் சென்ற ஆண்டுகளோடுதான் ஒப்பிட வேண்டும்.

இனி ஆசிரியை அம்மாவின் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். தனி எண்ணிக்கையால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியாது. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு வாரம் 40 மாதிரிகள் எடுத்து 4 பேருக்கு உறுதியாகிறது. செய்தி பரவி, அடுத்த வாரம் 200 மாதிரிகள் எடுத்து 20 பேருக்கு உறுதியாகிறது. 'ஒரே வாரத்தில் ஐந்து மடங்கு' என்று தலைப்பு வரும். ஆனால் இரண்டு வாரங்களிலும் நூற்றுக்குப் பத்துதான், கூடியது பரிசோதனை. மாறாக, இரண்டாம் வாரத்தில் 20 மாதிரிகள் மட்டும் எடுத்து 6 பேருக்கு உறுதியானால், எண்ணிக்கை சிறிதாகவே தெரியும். விகிதமோ நூற்றுக்கு முப்பது. கவலைப்பட வேண்டிய வாரம் அதுதான், அதற்குத் தலைப்பு வராது. எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள் என்பதைச் சொல்லாமல் எத்தனை பேருக்கு உறுதியானது என்பதை மட்டும் சொல்வது, கீழெண் இல்லாத பின்னம் போன்றது.

அடுத்ததாக அடிக்கோடு வேண்டும், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வழக்கமான வாரங்களின் அளவு. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வாராவாரம் ஃபுளூ நிலையை வண்ண வரைபடமாக வெளியிடுகிறார்கள். கிளினிக்குகளுக்கு வந்த மொத்த நோயாளிகளில் காய்ச்சலும் இருமலுமாக வந்தவர்கள் எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, அந்த மாநிலத்திலேயே ஃபுளூ இல்லாத வாரங்களின் சராசரியிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, குறைவு, நடுத்தரம், மிகுதி என்று நிலைகளைத் தீர்மானிக்கிறார்கள். இதற்கு ஒவ்வொருவருக்கும் ஆய்வகப் பரிசோதனை தேவையில்லை. காசிமேடு டாக்டரின் நோட்டுப் புத்தகம் போன்றவை நூறு இருந்தால் போதும்.

நமக்கு நம் ஊருக்கான அடிக்கோடுதான் பயன்படும். இந்தியாவின் பல நகரங்களில் பல ஆண்டுகள் திரட்டிய மாதிரிகளில், டெல்லி, புனே, கொல்கத்தா போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும், ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரிலும் ஃபுளூ உச்சத்தைத் தொட்டது. டெல்லியில் அடங்கும் நேரத்தில் நமக்கு ஏறத் தொடங்குகிறது. நாடு முழுவதற்கும் ஒரே வரைகோடு வரைந்தால் நம்முடைய ஏற்றம் அதில் கரைந்துவிடும். மாநிலம் முழுவதற்கும் ஒரே கோடு வரைந்தால் வட சென்னை கரைவதும் அப்படித்தான். உச்சமும் ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் வந்துவிடாது. 2023இல் ஃபுளூவின் எச்3என்2 வகை பரவியபோது மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்த வேண்டியிருந்தது.

எண்ணூர் வாசகன்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும்.

2020இல் மாநகராட்சி மண்டலவாரியாகக் கொரோனா எண்ணிக்கையை நாள்தோறும் வெளியிட்டது. ராயபுரம் மண்டலம் வாரக்கணக்கில் பட்டியலின் உச்சியில் இருந்தது, தண்டையார்பேட்டையும் திரு.வி.க. நகரும் பின்தொடர்ந்தன. அதன் பலனை அனுபவித்தவர்கள் நாங்கள். ராயபுரம் முகவரி என்றதும் வீட்டு வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். என் தங்கை தெற்கே வேலை பார்த்த இடத்தில், மற்றவர்கள் திரும்பி வந்து ஒரு மாதம் கழித்துத்தான் அவளை அழைத்தார்கள். ஒன்பதுக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழும் தெருவில் நோய் வேகமாகப் பரவும் என்பதில் வியப்பு என்ன? பட்டியலைப் படித்தவர்கள் வீடுகளின் நெருக்கத்தைப் பார்க்கவில்லை, மக்களைப் பழித்தார்கள். வார்டு வார்டாக ஃபுளூ எண்ணை வெளியிட்டால் அதே கதைதான் நடக்கும். துறைக்குத் தெரிந்தால் போதாதா? ஊருக்கெல்லாம் ஏன் தெரிய வேண்டும்?

வியாசை ஆசிரியை

தம்பி, நீங்கள் சொன்னதை நான் மறுக்கவே இல்லை. அந்த ஆண்டில் என் மாணவிகளின் அம்மாக்கள் எத்தனையோ பேர் வேலை இழந்தார்கள். ஆனால் வெளியிடாமல் இருந்தால் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியில் ஃபுளூ ஏறுகிறது என்று இரண்டு வாரம் முன்பே தெரிந்திருந்தால், காய்ச்சலோடு வந்த பிள்ளையை வருகைப் பதிவுக்காக நான் வகுப்பில் உட்கார வைத்திருக்க மாட்டேன். வீட்டில் பாட்டி இருந்தால் தனித் தட்டு, தனிப் படுக்கை என்று சொல்லி அனுப்பியிருப்பேன். எனக்குத் தெரியாததால் நான் செய்த தவறு அது. அந்தப் பாட்டியை நினைக்கும்போதெல்லாம் அதுதான் மனத்தில் உறுத்துகிறது.

பழைய ராயபுரம்

மகளே, உங்கள் மீது தவறில்லை. எனக்கு எழுபத்தேழு வயதாகிறது. இந்த ஊரில் காய்ச்சல் வந்து இறங்கிய ஒரு நாளை என் குடும்பம் அறியும்.

1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து ரஜூலா கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. அதில் வந்தவர்களிடையே ஃபுளூ இருந்தது. அந்த ஆண்டின் ஆசியக் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்தது அப்படித்தான். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை செய்தவர். கோடை விடுமுறையில் வீட்டில் இருந்த எனக்கு, அப்பா, சித்தப்பா, நான், தங்கை என்று வரிசையாகப் பாயில் கிடந்ததும், அம்மா ஒருத்தியே நின்று எல்லோருக்கும் கஞ்சி ஊற்றியதும் நினைவிருக்கிறது. எதிர்வீட்டில் ஒரு கைக்குழந்தை போய்விட்டது. அப்போதே குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இன்ஃபுளூயன்சா மையம் ஒன்று இருந்தது என்றும், நாடு முழுவதும் 40 லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளும் ஆயிரத்துச் சொச்சம் மரணங்களும் பதிவாயின என்றும் பிற்காலத்தில் படித்தேன். அத்தனை லட்சம் பேரில் மரணம் அவ்வளவுதானா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. எதிர்வீட்டுக் குழந்தை எந்தக் கணக்கிலும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கப்பல் வந்தது எங்கள் கரைக்கு. முதலில் படுத்தவர்களும் நாங்கள். எண்ணூர் தம்பி சொல்வது போல் பழி வரும் என்று பயந்து எங்களை எண்ணாமல் விட்டால், அடுத்த கப்பலும் எங்கள் வீட்டு வழியாகத்தான் ஊருக்குள் போகும்.

தொற்றியல் மாணவி

தாத்தாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். அவர் சொன்னதை ஒட்டி, ஆண்டுதோறும் வரும் ஃபுளூவையும் பெருந்தொற்றையும் கண்காணிப்பதில் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேண்டும்.

பருவகால ஃபுளூவில் நாம் தேடுவது ஏற்ற இறக்கத்தை. பெருந்தொற்றில் தேடுவது இதுவரை மனிதரிடம் புழங்காத ஒரு கிருமியை. ஃபுளூக் கிருமியின் ஒரு பெரும்பிரிவான இன்ஃபுளூயன்சா ஏ என்று உறுதியான மாதிரியை, மனிதரிடம் ஏற்கெனவே புழங்கும் எச்1, எச்3 என்று வகைபிரித்துப் பார்ப்பார்கள். இரண்டிலும் சேரவில்லை என்றால் அந்த ஒரு மாதிரிதான் அந்த வாரத்தின் மிக முக்கியமான மாதிரி. அது புனேயில் உள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனத்துக்குப் போக வேண்டும். மனிதரில் புதிய வகை ஃபுளூ ஒருவருக்கு வந்தாலே, அரசு அதை மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுகாதார விதிமுறைகள் சொல்கின்றன.

2009இல் பன்றிக் காய்ச்சல் பெருந்தொற்றின்போது இந்தியாவின் முதல் நோயாளி மே 16 அன்று ஐதராபாத்தில் கண்டறியப்பட்டார். தொடக்கத்தில் விமான நிலையத்திலிருந்தே ஒவ்வொருவரையும் எண்ணினார்கள். சமூகத்தில் பரவிய பிறகு அது இயலாமல் போனது. கடுமையானவர்களை மட்டும் சோதிக்கும் முறை வந்தது. ஒரே நோயை ஓராண்டுக்குள் இரண்டு அளவுகோல்களால் அளந்தார்கள். அதனால்தான் அமைதியான ஆண்டுகளிலேயே ஒரு நிலையான அளவுகோலை அமைத்துவிட வேண்டும் என்கிறேன். பெருந்தொற்று வந்த பிறகு அடிக்கோடு வரைய முடியாது. 2020, 2021 ஆண்டுகளில் ஃபுளூ உலகெங்கும் ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. அந்த ஆண்டுகளைச் சராசரியில் சேர்த்தால் இன்றைய சாதாரண ஆண்டும் பேராபத்தாகத் தெரியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மணலி புதுநகர்

ஆய்வகம் இல்லாமல், இணையத்தில் எத்தனை பேர் காய்ச்சலைப் பற்றித் தேடுகிறார்கள் என்று பார்த்தே சொல்லிவிட முடியாதா?

நுண்ணுயிர்க்கூடம்

கூகுள் நிறுவனம் அதை 2008இல் தொடங்கியது. 2012–13 பருவத்தில் உண்மையைவிட மிக அதிகமாகக் காட்டியது. 2015இல் நிறுத்திவிட்டார்கள். பயத்தில் தேடுபவரையும் நோயில் தேடுபவரையும் அதனால் பிரித்தறிய முடியவில்லை. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், மாதிரிக்கு மாற்றாக வைக்கக் கூடாது.

காசிமேடு கிளினிக்

எண்ணூர் வாசகனின் அச்சம் நியாயமானது. அதற்கு ஒரு வழி இருப்பதாக நினைக்கிறேன். வார்டு வேண்டாம். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டலங்களையும் சேர்த்து ஒரே விகிதமாகச் சொல்லட்டும். எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே சொல்லட்டும். இந்த ஆறு மண்டலங்களிலும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களையும், விருப்பமுள்ள சில தனியார் கிளினிக்குகளையும் தேர்ந்தெடுத்து, வாரத்துக்கு ஒரு குறிப்பிட்ட நாளில் வரும் முதல் ஐந்து காய்ச்சல், இருமல் நோயாளிகளிடம் மட்டும் மாதிரி எடுத்தால் போதும். மருத்துவர் தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்கக் கூடாது; அப்போதுதான் வாரத்துக்கு வாரம் ஒப்பிட முடியும். மாதிரியை எடுத்ததும் அதற்கான திரவக் குப்பியில் போட்டு, 2 முதல் 8 டிகிரிக்குள் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். காசிமேட்டில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. கொண்டு செல்லும் ஆளும், முடிவைத் திருப்பிச் சொல்லும் பழக்கமும்தான் தேவை. முடிவைத் திருப்பிச் சொல்லாவிட்டால் எந்த மருத்துவரும் மூன்றாம் மாதத்துக்கு மேல் அனுப்ப மாட்டார்.

எண்ணூர் வாசகன்

ஆறு மண்டலங்களும் சேர்ந்த விகிதம் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே நாளில் தென் சென்னையின் விகிதமும் அதே முறையில் வெளிவர வேண்டும். எங்களை மட்டும் அளந்து காட்டும் அளவுகோலை நான் ஏற்க மாட்டேன்.

தொற்றியல் மாணவி

அது அறிவியலுக்கும் தேவையானதுதான் அண்ணா. ஒப்பிட மறுபக்கம் இல்லாமல் நம் விகிதத்துக்குப் பொருளே இல்லை.

வியாசை ஆசிரியை

துறை எப்போது செய்யும் என்று எனக்குத் தெரியாது. என்னால் முடிந்ததை இந்தத் திங்கட்கிழமையே தொடங்குகிறேன். எங்கள் வருகைப் பதிவேட்டில் வராதவர்களுக்கு ஒரே குறிதான் உண்டு. அருகிலேயே ஒரு தனி நோட்டில் காய்ச்சலால் வராதவர், வேறு காரணத்தால் வராதவர் என்று பிரித்து எழுதலாம் என்றிருக்கிறேன். பக்கத்துப் பள்ளிகளில் மூன்று ஆசிரியைகள் சேர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டார்கள். நுண்ணுயிர்க்கூடம் ஐயா, நோட்டில் என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

நுண்ணுயிர்க்கூடம்

அம்மா, பிள்ளையின் பெயர் வேண்டாம். வயது, வகுப்பு, இருமல் உண்டா இல்லையா, வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் உண்டா என்பவை போதும். ஒன்றை மட்டும் தவறாமல் கேளுங்கள்: பள்ளிக்கு வராத முதல் நாளை எழுதாதீர்கள், காய்ச்சல் தொடங்கிய முதல் நாளை எழுதுங்கள். இல்லாவிட்டால் சனி, ஞாயிறில் தொடங்கிய காய்ச்சலெல்லாம் திங்கட்கிழமையில் வந்து குவிந்துவிடும். கடைசிக் கட்டத்தில், அன்று பள்ளிக்கு வந்திருக்க வேண்டிய மொத்தப் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கட்டாயம் எழுதுங்கள்.

காசிமேடு கிளினிக்

என் நோட்டிலும் அந்தக் கடைசிக் கட்டம் இல்லை. இன்று இரவு முதல் சேர்க்கிறேன். ஆசிரியை அம்மா, உங்கள் முதல் நான்கு வாரக் கணக்கு முடிந்ததும் இங்கேயே பதியுங்கள். என்னுடையதையும் கீழே வைக்கிறேன்.